ரெண்டு கேன் தண்ணி

வைகாசியில பால் காய்ச்சி குடி வந்தோம், இப்ப ஆவணி முடியப்போகுது, இன்னும் நாலு அட்டப்பொட்டி பிரிக்காம மாடிப்படிக்கு அடியில கெடக்கு. உள்ள என்ன இருக்குன்னே மறந்துபோச்சு. மூணு மாசமா தேடாத சாமான் தேவையில்லாத சாமானுதான்னு இவரு நாலு தடவ சொல்லிட்டாரு, ஆனா தூக்கிப்போட அவருக்கும் கை வரல, எனக்கும் வரல.

நாங்க இதுக்கு முன்னாடி இருந்தது மதுரையில தெற்கு மாசி வீதிக்குப் பின்னாடி ஒரு சந்துல. காம்பவுண்ட் வீடு. ஏழு குடித்தனம், ஒரு பொதுக்கொழா, நடுவுல ஒரு முத்தம், அம்புட்டுதேன். மாமா விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில கணக்கு எழுதிக்கிட்டு இருந்தாரு, அதனால நடக்குற தூரத்துல வீடு வேணும்னு 30 வருசத்துக்கு முன்னாடி அங்க வந்தவங்க, அப்பிடியே இருந்துட்டாங்க. நான் கல்யாணமாகி வந்து 16 வருசம் அந்த முத்தத்துலதான் வடகம் போட்டேன், அழுதேன், பிள்ளைகளுக்கு நடை பழக்குனேன். ஒரு வீட்டுல மீன் பொரிச்சா ஏழு வீட்டுக்கும் தெரியும், ஒரு வீட்டுல புருசன் பொண்டாட்டி சண்டைன்னா மத்த ஆறு வீடும் டீவி சத்தத்தக் கொறச்சு வைக்கும் (கேக்குறதுக்குத்தான், மரியாதைக்கு இல்ல).

இப்ப ஒத்தக்கடை. யானைமலைக்கு இந்தப் பக்கம் மூணு சென்ட்டு எடம், எப்பவோ இவரு சீட்டு எடுத்து வாங்கிப்போட்டது, அதுல லோன் போட்டு கட்டுன வீடு. மாசி வீதிக்குள்ளயே இருந்தவங்களுக்கு மாட்டுத்தாவணி தாண்டுனாலே வெளியூருதான். "ஒத்தக்கடையா? அங்கிட்டா? மேலூருக்கே போயிருக்கலாமே"ன்னு என் நாத்தனா வீட்டுக்காரரு கேட்டாரு. கட்டுன கான்ட்ராக்டர் பத்தி சொல்ல ஆரம்பிச்சா இந்த போஸ்ட் பத்தாது, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன், மாடிப்படியில ஏழாவது படி மட்டும் மத்த படிய விட ரெண்டு இஞ்சு ஒசரம். வீட்டுக்கு வந்த ஒருத்தரு பாக்கியில்லாம அதுல தடுக்கியாச்சு. இப்ப எங்களுக்குக் கால் தானாத் தூக்கிருது, கண்ண மூடிக்கிட்டு ஏறுனாலும் ஏழாவது படியில பழகிருச்சு.

பால் காய்ச்சுன அன்னைக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கு முகூர்த்தம். வைகாசியா, ஊரெல்லாம் கல்யாணம், மல்லி விக்கிற வெலையக் கேட்டா தலை சுத்தும், இவரு ராத்திரி ரெண்டு மணிக்கே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போயி பேரம் பேசி அதுக்கும் அத்தைகிட்ட வசவு வாங்குனாரு, "இம்புட்டு வெலைக்கு அரளி வாங்கியிருந்தா வீடே மறைஞ்சிருக்கும்"னு. பசுவும் கன்னும் பக்கத்து வீட்டு அப்பத்தாவோடது. அதுக்கு டைல்ஸ்ல கால் வைக்கப் பயம், வாசப்படியிலயே நின்னுக்கிச்சு, தள்ளுனா வழுக்குது, ஐயரு மணியப் பாக்குறாரு. அப்பறம் அந்த அப்பத்தாதான் ஓடிப்போயி ரெண்டு சாக்க எடுத்துட்டு வந்து வாசல்ல இருந்து ஹாலு வரைக்கும் விரிச்சுச்சு. மாடு மகாராணி மாதிரி சாக்கு மேல நடந்து வந்து நடு ஹால்ல நின்னு கோமியம் விட்டுச்சு பாருங்க, கூட்டத்துல ஒரே கொலவ. இருபது லட்சம் லோன் போட்டு டைல்ஸ் ஒட்டுன மனுசன் மொகத்தத்தான் நான் பாத்தேன்.

மாமா வாசல்ல சேரு டேபிளு போட்டு மொய் நோட்டோட உக்காந்துட்டாரு. மொய் வேணாம் மாமா, பத்திரிகையிலயே போட்டுரலாம்னு நான் சொல்லிப்பாத்தேன். "நான் செஞ்சதெல்லாம் வர வேணாமா? வந்ததெல்லாம் திருப்பிச் செய்ய வேணாமா? இது காசு கணக்கு இல்லத்தா, ஆள் கணக்கு"ன்னாரு. மேல பிள்ளையார் சுழி, கீழ கோடு போட்டு ஊர், பேர், தொகை. காசு இல்லாம பொருளா குடுத்தா அதையும் எழுதுவாரு, குடம் 1, சில்வர் வாளி 1, கடிகாரம் 7. ஆமா, ஏழு சுவர்க்கடிகாரம். அதுல ரெண்டு இன்னும் அந்த அட்டப்பொட்டியில டிக் டிக்னு கேக்குது. எங்கண்ணன் தாய்மாமன் சீரா ஒரு பித்தள அண்டா கொண்டுவந்து வச்சான், சின்னவன் உள்ள எறங்கி உக்காரலாம், அம்புட்டுப் பெருசு. இத எதுக்குடா எங்க வைக்கன்னு நான் அவன வஞ்சேன். அந்த அண்டா கதைக்கு அப்பறம் வரேன்.

எல்லாரும் போனப்பறம்தான் பிரச்சன ஆரம்பிச்சுச்சு. தண்ணி.

350 அடி போர், தண்ணி நல்லாத்தான் வருது, ஆனா உப்பு. வாயில வச்சா கரிக்கிற உப்பு இல்ல, ஒரு மாதிரி நாக்குல நிக்கும். சோப்பு நுரைக்காது. ஸ்டீல் வாளியில ஒரு வாரத்துல வெள்ளையா பொருக்குப் பூத்துருச்சு. எல்லாத்துக்கும் மேல பருப்பு வேக மாட்டேங்குது. நான் நெசமாத்தான் சொல்றேன், எட்டு விசில் விட்டேன், தொறந்தா துவரம்பருப்பு அப்பிடியே முழிச்சுக்கிட்டு நிக்குது. அத்தை கரண்டியால ஒரு பருப்ப எடுத்து ரெண்டு வெரல்ல நசுக்கிப் பாத்தாங்க, நசுங்கல. ஒண்ணும் சொல்லல, அப்பிடியே என்னப் பாத்தாங்க, ஏதோ நான்தான் அதுக்குச் சொல்லிக்குடுத்த மாதிரி.

என் காலேஜ் செட்டுல ஒருத்தி கெமிஸ்ட்ரி டீச்சரு, அவகிட்ட போன்ல பொலம்புனேன். உப்புத்தண்ணியில இருக்குற கால்சியமும் மெக்னீசியமும் பருப்புல இருக்குற பெக்டினோட (பருப்ப ஒட்டி வச்சிருக்குற பசை மாதிரி ஒண்ணு) சேந்து இறுக்கிப் புடிச்சுக்குதாம், அதான் எம்புட்டு வேக வச்சாலும் கொழையாதுன்னா. காரணம் தெரிஞ்சா மட்டும் சாம்பாரு ஆயிருமா. ஆர்.ஓ. மிசினு விக்கிற தம்பி ஒருத்தரு வந்தாரு, பேனா மாதிரி ஒண்ண டம்ளருக்குள்ள விட்டாரு, கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 1,480 மில்லிகிராம்னு காட்டுச்சு. 500க்குள்ள இருந்தாத்தான் குடிக்க நல்லதும்மா, வேற தண்ணிக்கு வழியே இல்லேன்னா 2,000 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு கவர்மென்ட்டு கணக்குன்னாரு. அத்தை அவரையும் பேனாவையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "தண்ணிக்குள்ள பேனாவ விட்டா உப்பு தெரியும், ருசி தெரியுமா?"ன்னாங்க. அவரு சிரிச்சுக்கிட்டே, ஒரு கொடம் நல்ல தண்ணி வந்தா மூணு கொடம் கழிவாப் போகும்னு உண்மையையும் சொல்லிட்டாரு, அதோட முடிஞ்சுச்சு அந்த மிசினு. மூணு கொடம் கீழ ஊத்தி ஒரு கொடம் எடுக்குற வீட்டுல நான் இருக்க மாட்டேன்னு அத்தை சொல்லிட்டாங்க.

அப்பறம் கேன் தண்ணி. 20 லிட்டரு கேன் போடுற பையன் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவான். அதுல பருப்பு வெந்துச்சு, நல்லாவே வெந்துச்சு. ஆனா அத்தைக்குப் புடிக்கல, சப்புன்னு இருக்காம், செத்த தண்ணியாம், அதுக்கும் மேல "காசு குடுத்து வாங்குன தண்ணியில ஒல வைக்கிறதா"ன்னு ஒரு மனக்கொற. மாசி வீதியில கொழாத் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், அதுவும் விடியக்காலம் நாலு மணிக்கு, ஏழு வீட்டுக் கொடமும் வரிசையில நிக்கும், அதுக்கு அத்தைதான் நாட்டாமை. அந்தத் தண்ணி வைகை டேமுல இருந்து வர்றது, மீனாட்சி குடிக்கிற தண்ணின்னு அத்தை சொல்வாங்க. மதுரையில பாதிப்பேரு குடிக்கிறது அந்தத் தண்ணிதான், ஆனா அத எங்க காம்பவுண்ட் கொழாவுல இருந்து புடிச்சாத்தான் அவங்களுக்குத் தண்ணி.

இப்பிடி இருக்கும்போது அத்தை திடீர்னு பக்தியாயிட்டாங்க. வாரத்துல ரெண்டு நாள், "மீனாட்சியப் பாத்துட்டு வாரேன்"னு கட்டப்பைய எடுத்துக்கிட்டு கெளம்பிருவாங்க. டவுன் பஸ்ஸுல பொம்பளைகளுக்குத்தான் டிக்கெட் கெடையாதே, பஸ் மாறி மாறி போறதுல ஒண்ணும் செலவில்ல. போன சித்திரைதான் அங்க எங்களுக்குக் கடைசித் திருவிழா, மாசி வீதியில சாமி வரும்போது நாங்க தெருமொனையில நின்னு பாப்போம், அதுக்காகவே இருபது பேரு சொந்தக்காரங்க வந்து தங்குவாங்க. இனிமே சாமி நம்ம பக்கம் வராது, நாமதான் போகணும்னு அத்தை சொன்னப்ப எனக்கும் தொண்டைய அடைச்சுச்சு, சரி போயிட்டு வரட்டும்னு விட்டுட்டோம்.

ஒருநாள் பெரியவ ஸ்கூல் விட்டு வரும்போது ஒத்தக்கடை ஸ்டாப்புல அவ அப்பத்தாவ, அதான் எங்க அத்தையப் பாத்து பைய வாங்கியிருக்கா. தூக்க முடியல. பையில மேல நாலு மொழம் மல்லி, குங்கும பொட்டலம், கீழ அஞ்சு லிட்டரு எண்ண கேன்ல தண்ணி. 66 வயசுல பஸ்ஸு மாறி, பழைய காம்பவுண்ட் கொழாத் தண்ணிய சொமந்துக்கிட்டு வந்திருக்காங்க. நாலு வாரமா! எனக்குக் கோவம் வந்துச்சு, இவரு சிரிச்சாரு, மாமா மட்டும் எந்திரிச்சுப் போயி ஒரு டம்ளர் ஊத்திக் குடிச்சுட்டு "ஆங்"னாரு. நான் என்ன பேச.

தண்ணி தவிர மத்த எல்லாம் பழகிருச்சுன்னுதான் சொல்லணும். சின்னவன் மொத வாரம் விடியக்காலம் ஏதோ பூனை அழுவுதுன்னு என்னக் கட்டிப்புடிச்சான், அது மயிலு. இங்கிட்டு மயிலு காக்கா மாதிரி. காம்பவுண்ட் சொவத்துல உக்காந்துக்கிட்டு நம்மள வாடகைக்கு இருக்கவங்க மாதிரி பாக்கும். ஜன்னலத் தொறந்தா மலை. யானை படுத்துருக்குற மாதிரி ஒரே பாறை, தும்பிக்கை கூட தெரியும்னு எல்லாரும் சொல்வாங்க, எனக்கு தும்பிக்கை தெரிய ஒரு மாசமாச்சு. காலேஜ் செட்டு அஞ்சு பேரும் ஆடியில ஒரு சனிக்கெழம வந்தாய்ங்க, எல்லாரும் சேந்து நரசிங்கம் கோயிலுக்குப் போனோம். மலையக் கொடைஞ்ச கோயிலு, கி.பி. 770ல பாண்டிய ராசாவோட மந்திரி மாறன்காரி ஆரம்பிச்சு, அவரு செத்துப்போயி, தம்பி மாறன் எயினன் முடிச்சதுன்னு அங்க வட்டெழுத்துல வெட்டி வச்சிருக்கு. எங்க செட்டுல ஹிஸ்டரி படிச்சவ ஒருத்தி இருக்கா, அவ விடுவாளா, மலைமேல சமணரு படுக்கைக்கிட்ட ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின தமிழி (அந்தக்காலத் தமிழ் எழுத்து) கல்வெட்டுலயே 'இவகுன்றம்'னு இருக்கு, இவம்னா யானை, அப்பயிருந்தே இது யானைமலைதான்டின்னு லெக்சர். அண்ணன் ஆரம்பிச்சத தம்பி முடிச்சான்னு கேட்டதும் இவரு என்னப் பாத்து, "நம்ம கான்ட்ராக்டருக்கும் ஒரு தம்பி இருந்திருக்கலாம்"னாரு.

அந்தப் பக்கத்து வீட்டு அப்பத்தா தெனமும் சாயங்காலம் கழனித்தண்ணிக்கு வாளியோட வரும். மொதல்ல வாசல்ல நின்னு வாங்கிட்டுப் போகும், அப்பறம் படியில உக்கார ஆரம்பிச்சுச்சு, இப்ப உள்ள வந்து டீவி சத்தத்தக் கூட்டச் சொல்ற அளவுக்கு ஆயிருச்சு. அதுதான் ஒருநாள் அத்தையோட பொலம்பலக் கேட்டுட்டு, "ஏ ஆத்தா, போர்த்தண்ணி மனுசன் குடிக்கவா? மழத்தண்ணியப் புடிச்சு வச்சு பருப்பப் போடு, பூ மாதிரி வெந்துரும். எங்க காலத்துல எல்லாம் அதான்"னுச்சு. மாடியில ஓடுற தண்ணியவா புடிக்க, காக்கா எச்சமும் மயிலு எச்சமும்னு நான் மொகத்த சுளிச்சேன். "மாடியில எதுக்குப் புடிக்கிற? வேட்டியக் கட்டு"ன்னுச்சு. எனக்கு அப்பப் புரியல.

போன ஞாயித்துக்கெழம பழைய காம்பவுண்ட்காரங்க மொத்தமா வந்தாங்க. ரெண்டு ஷேர் ஆட்டோ, சின்னது பெருசு எல்லாம் சேத்து 17 பேரு. மூணாம் நம்பர் வீட்டு சௌராஷ்ட்ரா அக்கா வழக்கம்போல புளியோதரையோட வந்தாங்க, டெய்லர் அண்ணன் ஜன்னலுக்கெல்லாம் ஸ்கிரீன் தச்சே கொண்டுவந்துட்டாரு (அளவு எப்பிடித் தெரியும்னா பால் காய்ச்ச அன்னைக்கே மொழம் போட்டுட்டுப் போயிருக்காரு!), கூடவே ரெண்டு 20 லிட்டரு கேன். எறக்கும்போதே அக்கா சொல்றாங்க, "பெரியம்மா, இனிமே நீங்க பஸ்ஸுல தூக்காதீங்க, எங்களுக்கு மானம் போகுது. இது நம்ம கொழா. விடியக்காலம் புடிச்சது." அத்தை கேன தொட்டுப்பாத்துட்டு முந்தானைய எடுத்து மொகத்தத் தொடைச்சாங்க. மாமா ஒண்ணும் பேசல, உள்ள போயி மொய் நோட்ட எடுத்துட்டு வந்து கடைசிப் பக்கத்துல எழுதுனாரு. தெற்கு மாசி வீதி காம்பவுண்ட், தண்ணி, 2 கேன்.

மத்தியானம் கறிச்சோறு. இவரு காலையிலயே வெள்ளாட்டங்கறி மூணு கிலோ வாங்கியாந்துட்டாரு, கொழம்பு, சுக்கா, கோலா உருண்ட. கோலாவுக்குப் பொட்டுக்கடலைய எம்புட்டு சேக்கணும்ங்குறதுல ரெண்டாம் நம்பர் அக்காவுக்கும் எனக்கும் 16 வருசமாப் பஞ்சாயத்து, அன்னைக்கும் தீரல. உருண்டையப் போட்டா எண்ணெயில பிரியக்கூடாது, அதுக்கு மேல ஒரு பிடி சேந்தாலும் அது கோலா இல்ல, பஜ்ஜி, இதான் என் கட்சி. டவுன்ல இருந்து தூக்குவாளியில ஜிகர்தண்டா வந்துச்சு, அரைமணி நேர ஆட்டோவுல பால்கோவா ஐஸு கரைஞ்சு நன்னாரி சர்பத்து ஒரு பக்கம் கடல்பாசி ஒரு பக்கம்னு மெதக்குது, அப்பிடியே குடிச்சோம். ஹால்ல ஒரே பாயி, பதினேழு பேரும் நாங்க ஆறு பேரும் படுத்துக்கெடந்தோம். இந்த வீட்டுல அம்புட்டுச் சத்தம் அன்னைக்குத்தான் மொதத்தடவ.

ஆறு பேருன்னா எங்க வீட்டு ஆளுக மட்டும், அது போக பக்கத்து வீட்டு அப்பத்தாவும் ஒரு தலகாணியப் போட்டுப் படுத்திருந்துச்சு.

நாலு மணிக்கு மேல மலைக்கு அங்கிட்டு கருக்க ஆரம்பிச்சுச்சு. கரண்டு போச்சு. அப்பத்தா எந்திரிச்சு உக்காந்து மூக்க உறிஞ்சுச்சு, "வருது. வேட்டிய எடு". மாமாவுக்கு சீர் வந்த புது எட்டு மொழ வேட்டி, மடிப்புக் கூட கலையல, அதத்தான் எடுத்துட்டு ஓடுனோம். ஏழாவது படியில டெய்லர் அண்ணன் தடுக்குனாரு, சொல்ல மறந்துட்டேன். மாடியில துணி காயப்போடுற நாலு கம்பியில வேட்டிய ரெட்டையா மடிச்சு நாலு முனையையும் கட்டுனோம், கீழ எங்கண்ணன் குடுத்த அண்டா. அப்பத்தா எங்கிட்ட இருந்து பூண்டு தட்டுற குழவிய வாங்கி, கழுவி, வேட்டிக்கு நடுவுல வச்சுச்சு. துணி அந்த எடத்துல பள்ளமா எறங்கி ஒரு கூம்பு மாதிரி ஆச்சு. "மொத மழைய விட்டுரணும். வேட்டி கஞ்சி போகட்டும், வானமும் கழுவட்டும்." பத்து நிமிசம் கழிச்சு அண்டாவக் கவுத்து ஊத்திட்டு மறுபடி வச்சோம்.

அதுக்கப்பறம் பாக்கணும். அம்புட்டு மழையும் அந்தக் குழவிய சுத்தி வந்து ஒரே ஒரு எடத்துல, கயிறு திரிச்ச மாதிரி, அத்து விடாம எறங்குது. பித்தளையில விழும்போது மொதல்ல கணீர்னு, அண்டா ரொம்ப ரொம்ப சத்தம் அடங்கி அடங்கி... பிள்ளைக நனைஞ்சுக்கிட்டு ஆடுதுக, பொம்பளைங்க நாங்களும் நனைஞ்சோம். மாமா படியில நின்னு சின்னவனுக்குக் கணக்கு போடுறாரு, ஆயிரம் சதுரடி மாடியில ஒரு சென்டிமீட்டர் மழை பேஞ்சா 900 லிட்டருக்கு மேல வருதுடா, பூராம் குழாய் வழியா குழிக்குள்ள போகுது பாரு, நாலஞ்சு வருசத்துல நம்ம போரும் கொஞ்சம் இனிக்கும்னு. 2003ல மழைநீர் சேமிப்பு வைக்கணும்னு கட்டாயம் பண்ணப்ப காம்பவுண்ட் ஓனரு ஒரு பைப்ப மட்டும் சொவத்துல ஒட்டி வச்சாரு, அது எங்கயும் போகாது, அந்தக் கதைய டெய்லர் அண்ணன் சொல்லி எல்லாரும் சிரிச்சோம். அரைமணி நேரத்துல அண்டா நெறைஞ்சு வழிஞ்சுச்சு, கொடம், தவலை, இட்லிச்சட்டி வரைக்கும் புடிச்சு வச்சோம்.

கரண்டு வரல. மிக்ஸி ஓடாது, சட்னி கெடையாது, இட்லிக்கு சாம்பாருதான்னு அத்தையே அடுப்படிக்குப் போனாங்க. செல்போன் வெளிச்சத்துல பருப்பக் கழுவி, மழத்தண்ணிய ஊத்தி, குக்கர மூடிட்டு பக்கத்துலயே நின்னாங்க. மூணு விசில். நாலாவதுக்கு விடாம நிறுத்துனாங்க. தொறந்து, கரண்டிய வச்சு ஒரு தேய்ப்பு, வெண்ணெ மாதிரி. ஒரு பருப்ப எடுத்து ரெண்டு வெரல்ல வச்சாங்க, நசுக்கவே வேண்டியதில்ல. அடுப்படி வாசல்ல நாங்க ஏழெட்டுப் பேரு ஏதோ பிரசவ வார்டு மாதிரி நிக்கிறோம். "ம்"னாங்க. அப்பறம் பக்கத்து வீட்டு அப்பத்தாவப் பாத்து, "நீ மொதயே சொல்லியிருக்கலாம்ல"ன்னாங்க. "நீ மொதயே உள்ள கூப்புட்டு உக்கார வச்சிருக்கலாம்ல"ன்னுச்சு அது.

ஒம்போது மணிக்கு ஆட்டோ வந்துச்சு. எல்லாரும் ஏறியாச்சு, அத்தையக் காணோம். பாத்தா, காம்பவுண்டுல இருந்து வந்த ரெண்டு கேன்லயும் இருந்த கொழாத் தண்ணிய தவலைக்கு மாத்திட்டு, அண்டாவுல இருந்து மழத்தண்ணிய துணி போட்டு வடிகட்டி நெப்பிக்கிட்டு இருக்காங்க. வெறுங்கேன் குடுத்து விடக்கூடாதாம். "பருப்புக்கு மட்டும் ஊத்து, குடிக்கணும்னா கொதிக்க வச்சுக் குடி"ன்னு அக்காகிட்ட சொல்லி சொல்லி ஏத்துனாங்க. ஆட்டோக்காரரு திரும்பிப் பாத்து, "ஏம்மா, வரும்போதும் தண்ணி, போகும்போதும் தண்ணியா? மதுரையில வேற ஒண்ணும் கெடைக்கலயா உங்களுக்கு?"ன்னாரு.

மாமா வாசல் லைட்டுக்குக் கீழ நின்னு நோட்டத் தொறந்தாரு. கரண்டு அப்பத்தான் வந்துச்சு. மத்தியானம் எழுதுன வரிக்கு நேரா, 'செய்தது' பக்கத்துல எழுதுனாரு. மழத்தண்ணி, 2 கேன்.